மரமா, எஃகா? வீட்டுச் சட்டகத்துக்கு எதை நம்பலாம்?

#1 புதுமனை

எல்லோருக்கும் வணக்கம். கான்கிரீட் அடித்தளம் போட்டு, அதன்மேல் இரண்டு தளத்துக்குச் சட்டகம் எழுப்பி, இருபுறமும் பலகை அடித்து மூடும் வகையில் ஒரு வீடு கட்டப் போகிறோம். சட்டகம் மரமா எஃகா என்பதுதான் இப்போது வீட்டில் தினமும் நடக்கும் பேச்சு. வரைபடம் போடும் பொறியாளர், இரண்டிலும் செய்யலாம், முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்களைக் கேட்டால் ஒரே வரியில் பதில் வருகிறது. ‘மரம் வேண்டாம், கரையான் தின்னும்.’ ‘இரும்பு வேண்டாம், துருப்பிடிக்கும்.’ ‘மரம் எரியும்.’ ‘இரும்பு வீடு கொதிக்கும்.’ இதில் எதுவும் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். எதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்பதுதான் பிடிபடவில்லை. ஈரப்பதம் அதிகமான இடம். கூடத்தில் நடுவே தூண் இல்லாமல் ஆறு மீட்டர் வேண்டும். முப்பது நாற்பது வருடம் இதே வீட்டில் இருக்கப் போகிறோம். வேலை செய்தவர்களும் இப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தவர்களும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

#2 உளிச்சத்தம்

முப்பத்திரண்டு வருடமாகத் தச்சு வேலை செய்கிறேன். மரத்தின் பக்கம்தான் பேசுவேன், ஆனால் ஒளிக்காமல் பேசுகிறேன்.

மரத்துக்கு முதல் எதிரி கரையான் இல்லை, ஈரம். மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் எதுவும் செய்ய முடியாது. மண்ணிலிருந்து ஏறும் கரையானும் ஈரமான இடத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

போன வருடம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வாசல் தூண் லேசாக இறங்கியிருந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். மேலே ‘ணங்’ என்று கேட்ட சத்தம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ‘பொத்’தென்று மாறியது. அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடிவரை உள்ளே போனது. பெயின்ட்டைச் சுரண்டினால், மரம் பழுப்பாகி, சின்னச் சின்னக் கட்டமாக வெடித்து, விரலில் கசக்கினால் காபித்தூள் போல உதிர்ந்தது. அதே தூணின் மேல்பகுதியை அறுத்துப் பார்த்தேன், வாசனைகூடப் போகவில்லை. அவ்வளவு நல்ல மரம்.

தப்பு மரத்தில் இல்லை. தூணின் அடியை நேராக சிமென்ட் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். மரம் தன் பக்கவாட்டில் குடிப்பதைவிட நாரின் முனையில் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். கெட்ட அடியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, இரும்பு ஷூ வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினேன்.

மரம் வாங்குவதென்றால் வைரம் பாய்ந்த உள்பாகமா, பட்டைக்கு அடுத்துள்ள வெளிறா என்று பாருங்கள். வெளிறு எந்த மரத்திலும் நிலைக்காது, மருந்து ஏற்றினால்தான் உண்டு. அப்புறம், உலர்த்திய மரம்தானா என்று வியாபாரி சொல்வதை நம்பாமல் ஈரமானியை நீங்களே குத்திப் பாருங்கள்.

#3 நட்டுபோல்ட்

நான் எஃகுச் சட்டகம் செய்து நிறுத்துபவன். உளிச்சத்தம் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் வீடு கட்டுகிறவர் ஒவ்வொரு கட்டையையும் வைரம், வெளிறு, கணு, ஈரம் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எஃகில் அந்தக் கவலையே இல்லை. முதல் துண்டும் ஐந்நூறாவது துண்டும் ஒரே தரம். முறுக்காது, வளையாது, சுருங்காது. ஆலையிலேயே அளவுக்கு வெட்டித் துளை போட்டு வரும். சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்கும், கதவு மழைக்காலத்தில் இறுகாது. கரையானுக்கும் தின்ன ஒன்றுமில்லை.

துருவைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுச் சுவருக்கு வரும் சி சேனல், அதாவது ‘C’ எழுத்துப்போல் மடித்த எஃகுத் தகடு, ஒரு மி.மீ. கனம்தான் இருக்கும். அதைக் காப்பது துத்தநாகப் பூச்சு. வாங்கும்போது ‘கேல்வனைஸ்டுதானே’ என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள், எத்தனை கிராம் பூச்சு என்று கேளுங்கள். சதுர மீட்டருக்கு 275 கிராம் என்றால் இரு பக்கமும் சேர்த்த கணக்கு, அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான் (ஒரு மி.மீ.க்கு ஆயிரம் மைக்ரான்). திறந்தவெளியில் அந்தத் துத்தநாகம் ஆண்டுக்கு ஒரு மைக்ரான் அளவில் கரையும், கடற்காற்றில் அதைப்போல நாலைந்து மடங்கு. உலர்ந்த சுவருக்குள் என்றால் கரைவதே தெரியாது. சின்னக் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும்.

ஒரே எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். பூச்சுள்ள சேனலை வேலை நடக்கும் இடத்தில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. வெல்டிங் வைத்த இடத்தின் இருபுறமும் விரல் அகலத்துக்குப் பூச்சே இல்லாத பட்டை உருவாகும், துரு அங்கேதான் தொடங்கும். அந்தப் புகையை இழுத்தவர்களுக்கு அன்று இரவு குளிர்காய்ச்சல் வரும், எனக்கே வந்திருக்கிறது. திருகாணி, போல்ட் என்றுதான் போக வேண்டும்.

#4 வளைதிறன்

கட்டமைப்புப் பொறியாளர். பலம் என்று பொதுவாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

எஃகின் விறைப்பு, அதாவது சுமையில் வளையாமல் எதிர்க்கும் தன்மை, 200 ஜிகாபாஸ்கல். ஊசியிலை மரத்தின் நார் வாக்கில் 10 முதல் 12. எஃகு கிட்டத்தட்ட இருபது மடங்கு என்று தெரிகிறதா? இப்போது எடையைப் பாருங்கள். எஃகு ஒரு கன மீட்டர் 7850 கிலோ, அந்த மரம் 500 கிலோ சுற்றி. கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. ஆக, கிலோவுக்குக் கிலோ வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விறைப்பு. ஒரு மரம் தன் உயரத்தைத் தானே தாங்கி, காற்றில் ஆடி நிற்கப் பழகிய பொருள். அதைச் சும்மா நினைக்கக் கூடாது.

எஃகு ஜெயிப்பது அளவில். உங்கள் ஆறு மீட்டர் கூடத்துக்கு மர உத்திரம் போட்டால் ஆழமாக வரும், தலை தட்டாமல் இருக்க மாடியை உயர்த்த வேண்டியிருக்கும். எஃகு ஐ பீம் (‘I’ எழுத்து வடிவ உத்திரம்) அதே சுமையை இன்னும் குறைந்த உயரத்தில் தாங்கும்.

இன்னொன்று, நாள்பட்ட தொய்வு. மரத்தில் சுமை ஏற்றினால் அன்று ஒரு தொய்வு, பத்து வருடத்தில் இன்னொரு தொய்வு. ஐரோப்பிய மரக் கட்டுமான விதி, நிலையான சுமைக்கு உலர்ந்த உள்ளறையில் முதல் தொய்வைப்போல 1.6 மடங்கும், நனையும் இடத்தில் 3 மடங்கும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இன்று 10 மி.மீ. இறங்கிய உத்திரம் நாளாவட்டத்தில் 16 மி.மீ. ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மரத்தை வைத்தால் இதைவிட மோசம். எஃகு வீட்டுச் சூட்டில் அப்படித் தொய்யாது.

நிலநடுக்கத்துக்கு எது நல்லது என்று யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1995ல் ஜப்பானின் கோபேயில் கனமான ஓட்டுக் கூரை போட்ட பழைய மர வீடுகள் ஏராளமாக இடிந்து விழுந்தன. அதற்கு முந்தைய வருடம் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நடுக்கத்தில் எஃகுக் கட்டடங்களின் வெல்டிங் மூட்டுகளில் எதிர்பாராத வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. முதலாவதில் தலைப்பாரமும் பக்கவாட்டுத் தாங்கல் போதாமையும், இரண்டாவதில் மூட்டும்தான் காரணம். இரண்டு இடத்திலும் பொருளைக் குற்றம் சொல்ல முடியாது.

#5 புதுமனை

மூவருக்கும் மிகவும் நன்றி. கிலோவுக்குக் கிலோ சமம் என்ற கணக்கை வீட்டில் படித்துக் காட்டினேன், அப்பா நம்பாமல் தானே வகுத்துப் பார்த்தார். சரி, தீ? அம்மாவுக்கு அதுதான் பெரிய பயம். மரம் என்றாலே தீப்பெட்டி என்கிறார்.

#6 செங்கனல்

தீப்பாதுகாப்பு ஆய்வில் இருக்கிறேன். அம்மாவின் பயம் நியாயமானது, ஆனால் பாதிக் கதைதான்.

மூடிய அறையில் தீ முழுதாகப் பற்றினால், தரச் சோதனைக்கு வைத்திருக்கும் கணக்குப்படி ஐந்து நிமிடத்தில் 570 டிகிரியைத் தாண்டும், அரை மணியில் 840. எஃகு 600 டிகிரியிலேயே தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். உருக வேண்டியதில்லை, தளர்ந்தாலே போதும், கூரை இறங்கிவிடும். அதற்கு முன்பே நீண்டு, சுவரை வெளியே தள்ளவும் செய்யும்.

கனமான மர உத்திரம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மேல்தோல் கரியாகும், அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். கரியாகும் வேகம் நிமிடத்துக்கு 0.7 மி.மீ. அளவில். 200 மி.மீ. அகலமுள்ள உத்திரம் இரு பக்கமும் ஒரு மணி நேரம் எரிந்தால் பக்கத்துக்கு 42 மி.மீ. போகும், நடுவில் 116 மி.மீ. மிஞ்சும். எரிந்த கட்டடத்தில் அப்படிப்பட்ட ஒரு கட்டையைக் குறுக்கே அறுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே முதலைத் தோல் போலக் கரி, அடுத்து ஒரு மெல்லிய பழுப்புக் கோடு, அதற்குள்ளே இழைப்புளி போட்ட அன்று இருந்த நிறம்.

ஆனால் இதை வைத்து மரச் சட்டகமே தீக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் சுவருக்குள் நிற்கப்போவது 200 மி.மீ. உத்திரம் இல்லை, 40 மி.மீ. சட்டம். இரு பக்கமும் தீ பிடித்தால் அரை மணிக்குள் ஒன்றும் இருக்காது. ஒரு மி.மீ. எஃகு சேனலோ அதைவிடச் சீக்கிரம் துவளும். இப்படிப்பட்ட வீட்டில் உங்களுக்கு வெளியேற நேரம் வாங்கித் தருவது மரமும் இல்லை எஃகும் இல்லை, மேலே அடிக்கும் ஜிப்சம் பலகை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, கல்லோடு கல்லாகக் கட்டுண்ட தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போகும்வரை பின்பக்கம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். பலகையின் கனம், இரட்டை அடுக்கு, மூட்டுகளை முழுமையாக அடைப்பது, மின்பெட்டிக்காக வெட்டிய ஓட்டையை மூடுவது, இதில் மனதை வையுங்கள்.

#7 கூரைமேல்

செங்கனல் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மரம் எரிபொருள், எஃகு எரிபொருள் இல்லை. கட்டி முடிக்காத நிலையில், ஜிப்சம் அடிக்கும் முன், மரச் சட்டகம் பற்றினால் அடக்குவது மிகக் கடினம். வேலை நடக்கும் மாதங்களில் வெல்டிங், சிகரெட் இரண்டையும் கட்டும் இடத்துக்குள் விடாதீர்கள்.

#8 செங்கனல்

ஆமாம், சரியான திருத்தம்.

#9 மாடியறை

நான் கட்டுபவள் இல்லை, எஃகுச் சட்டக வீட்டில் பதினோரு வருடமாக இருப்பவள். வாழ்கிறவர்கள் சொல்லும்படி கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

குடிவந்து மூன்றாவது வருடம், படுக்கையறைச் சுவரில் மேலிருந்து கீழாகச் சாம்பல் நிறக் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. சரியாக அறுபது செ.மீ. இடைவெளிவிட்டு. துடைத்தால் போனது, ஆறு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு கோட்டின் பின்னாலும் ஒரு சேனல்! எஃகு மரத்தைவிட நானூறு மடங்கு போல வெப்பம் கடத்துகிறது என்று பிறகு படித்தேன். வெளிக்குளிர் அந்தச் சேனல் வழியாக நேராக உள்ளே வந்து, சுவரில் அந்தப் பட்டை மட்டும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து, தூசி ஒட்டிக்கொள்கிறது. ஏசி ஓடும் வீட்டில் இதுவே தலைகீழாக, சுவரின் வெளிப்பக்கத்தில் நடக்கும் என்கிறார்கள்.

கோடு கண்ணுக்குத் தெரிந்ததால் நான் பிழைத்தேன். கோட்டைத் தொடர்ந்து போய் ஒரு பலகையைக் கழற்றியபோது, கீழ்ச் சேனலின் குழிவில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெளியேற வழியே இல்லை. வெள்ளைப் பொடி பூத்திருந்தது, இரண்டு திருகாணியில் செம்பழுப்பு. சுவர் வெளியே அத்தனை நேராக, அழகாக நின்றது. மரமாக இருந்திருந்தால் வாசனையாவது வந்திருக்கும், கதவாவது இறுகியிருக்கும். எஃகு ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றது. அது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது.

#10 நட்டுபோல்ட்

மாடியறை அம்மா சொன்னது எங்கள் தொழிலில் உள்ள உண்மையான குறை, மறுக்க மாட்டேன். சேனல்களுக்கு நடுவே மட்டும் வெப்பம் தடுக்கும் கம்பளிப் பஞ்சு திணித்துவிட்டு வெப்பத்தடுப்பு ஆயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். திணித்த கம்பளியின் பயனில் பாதிக்கு மேல் சேனல் வழியாகவே கசிந்துவிடும். சட்டகத்துக்கு வெளியே, இடைவெளியே இல்லாமல், முழுச் சுவருக்கும் தடுப்புப் பலகை போர்த்த வேண்டும். கீழ்ச் சேனலில் வடிதுளை வேண்டும். இந்த இரண்டும் வரைபடத்திலேயே இல்லையென்றால் எஃகு வேண்டாம், நானே சொல்கிறேன்.

#11 வேர்முடிச்சு

சுற்றுச்சூழல் பக்கம் யாருமே தொடவில்லை. உலக சராசரியில் ஒரு டன் எஃகு உருவாக ஏறக்குறைய இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன், அது காற்றிலிருந்து எடுத்தது. அந்த மரம் வீட்டில் நிற்கும்வரை கார்பன் அதற்குள்ளேயே இருக்கும். பழைய இரும்பை மின்உலையில் உருக்கிச் செய்த எஃகு என்றால் புகை வெகுவாகக் குறையும், அதையும் சொல்ல வேண்டும். திரும்ப வளர்க்காத காட்டில் வெட்டிய மரமாக இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. எங்கிருந்து வந்த மரம் என்று கேட்காமல் மரம்தான் பசுமை என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

#12 வளைதிறன்

எது நீடிக்கும் என்று இழையில் சுற்றிச் சுற்றி வருவதால் இரண்டு உதாரணம். ஜப்பானில் ஹோரியூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் மரத்தால் ஆனது, ஏறக்குறைய 1300 வருடமாக நிற்கிறது. ஆழமாக நீண்ட இறவாணம் மழையைத் தூணில் பட விடுவதில்லை. மூட்டுகளைப் பிரித்து, மக்கிய துண்டை மட்டும் மாற்ற முடிந்ததால்தான் அது இன்னும் இருக்கிறது.

அடுத்தது அமெரிக்காவில் 1948 முதல் 1950 வரை லஸ்ட்ரான் என்ற நிறுவனம் செய்த வீடுகள். சட்டகம், சுவர், கூரை எல்லாமே எஃகு, மேலே பாத்திரங்களுக்குப் பூசுவது போன்ற எனாமல். சுமார் 2,500 வீடுகளுக்குப் பிறகு நிறுவனம் மூடப்பட்டது, ஆனால் வீடுகளில் பல இன்னும் குடியிருப்பாக இருக்கின்றன. அந்தப் பலகைகளைக் கழற்றலாம், பின்னால் பார்க்கலாம்.

மாடியறை எழுதியதைப் படித்தபிறகு எனக்குத் தோன்றுவது இதுதான், புதுமனை. மரமா எஃகா என்று வீட்டுக்கு ஒட்டுமொத்தமாகக் கேட்காமல், ஒவ்வொரு உறுப்பிடமும் போய்க் கேளுங்கள். இது கெட ஆரம்பித்தால் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் கை எட்டுமா? உத்திரம் தொய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், கூரைக் கைமரம் நனைந்தால் கறை தெரியும். மூடிய சுவரின் அடிச்சட்டம் கெட்டால் யாருக்கும் தெரியாது.

#13 உளிச்சத்தம்

நல்ல பேச்சு தம்பி. நாங்கள் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் அதைத்தான்.

இரண்டையும் கலந்து கட்டுவதானால் ஒரு விஷயம். அடிச்சட்டத்துக்கு மருந்து ஏற்றிய மரம் போடுவார்கள். அந்த மருந்தில் இப்போது செம்பு அதிகம். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு மரங்களுக்கு ஆர்சனிக் கலந்த மருந்தை நிறுத்தியபிறகு செம்பு கூடிய மருந்துகள்தான் அந்த இடத்துக்கு வந்தன. ஈரம் பட்டால் செம்பு சாதாரண ஆணியின் துத்தநாகத்தைத் தின்றுவிடும், பிறகு ஆணியையே தின்னும். மரம் நன்றாக இருக்கும், பிடி இருக்காது. அங்கே சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த கனமான ஆணி, இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ். மின்முறையில் பூசிய மஞ்சள், வெள்ளை ஸ்க்ரூ கூடவே கூடாது.

#14 புதுமனை

நேற்று இரவு வரைபடத்தை மேசையில் விரித்து, வளைதிறன் சொன்னபடி ஒவ்வொரு உறுப்பாக விரல் வைத்துக் கேட்டுப் பார்த்தோம். கூடத்து ஆறு மீட்டருக்கு எஃகு ஐ பீம், அதைச் சுற்றி இரட்டை ஜிப்சம். கூரைக் கைமரமும் மாடித் தளத்துச் சட்டமும் மரம், கீழிருந்து தெரியும்படி மூடாமல். சுவர்ச் சட்டமும் மரமே, மருந்து ஏற்றிய அடிச்சட்டத்தோடு. வாசல் முன்கூரைத் தூண் இரண்டும் மரம். அம்மா ஜிப்சம் கணக்கைக் கேட்டபிறகு ஒத்துக்கொண்டார். கடைசியாக ஒரு சந்தேகம், உளிச்சத்தம் ஐயா. அந்தத் தூணுக்கு நீங்கள் வைத்த இரும்பு ஷூ எப்படி இருக்க வேண்டும்? எங்கள் ஆள் கிண்ணம் போல நாலு பக்கமும் மூடியதைக் காட்டுகிறார்.

#15 உளிச்சத்தம்

கிண்ணம் வேண்டவே வேண்டாம். மழைத்தண்ணீர் அதில் தேங்கும், தூண் அதிலேயே நிற்கும். நான் அறுத்து எடுத்த தூணுக்கு நேர்ந்ததேதான் திரும்ப நடக்கும்.

அடியில் ஒரு தட்டு, அதிலிருந்து மேலே எழும் ஒற்றைத் தகடு, தூணின் அடியில் வாய் பிளந்து அந்தத் தகட்டை உள்ளே வாங்கி, குறுக்கே இரண்டு போல்ட். மரத்தின் அடிமுனைக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே ஒரு அங்குலமாவது காற்று தெரிய வேண்டும், மழைத் தெறிப்பு அதிகமானால் நாலு அங்குலம். ஷூவை வெல்டிங், துளை எல்லா வேலையும் முடித்தபிறகு கடைசியில் துத்தநாகத்தில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். அறுத்த முனைக்கும் பிளந்த வாய்க்கும் மருந்து இரண்டு கை அடித்து, காய்ந்தபிறகு நிறுத்துங்கள்.

சுவரின் அடிச்சட்டத்துக்கும் ஒன்று செய்யுங்கள். குளியலறை, சமையலறைச் சுவர்களில் கீழே ஒரு முழ நீளத்துக்கு ஜிப்சத்தைத் தனித்துண்டாக வெட்டி, ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்துங்கள், மூட்டில் நெருப்பு தாங்கும் பசை வைத்து. வருடத்துக்கு ஒருமுறை, மழை விட்டதும், அதைக் கழற்றி ஈரமானியைக் குத்துங்கள். 20க்கு மேல் காட்டினால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.